வக்ஃபுப் பதிவேட்டின் தொன்மை

வக்ஃபுகளைப் பதிவு செய்வதும் கணக்குக் காட்டுவதும் ஆங்கில ஆட்சி நம்மீது சுமத்திய வழக்கமென எண்ணுவோர் உளர். வரலாறு வேறு கூறுகிறது.

ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை விற்கவோ, அன்பளிப்பாக வழங்கவோ, வாரிசுரிமையாகப் பெறவோ இயலாதவாறு வக்ஃபு செய்தார்கள். பின்னர் அதற்குரிய சாசனத்தை எழுதச் செய்து, தமக்குப்பின் பொறுப்பு அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கென விதித்தார்கள்.

ஹிஜ்ரி 118இல் (கி.பி. 736) எகிப்தின் காழி தவ்பா இப்னு நமிர், அதுவரை குடும்பத்தார் கையிலும் பொறுப்பாளர் கையிலும் இருந்த வக்ஃபுகளைத் தம் மேற்பார்வையில் கொணர்ந்தார், அவற்றுக்கெனத் தனி தீவான் உருவாயிற்று. அவற்றின் பயன் முடிவில் ஏழைகளையே சேர்வது. அவை அழிந்துவிடாமலும் வாரிசுச் சொத்தாகிவிடாமலும் காக்கவேண்டும் என்பதே அவர் கூறிய காரணம்.

இந்தியாவில், குடும்ப வக்ஃபு ஒன்றைச் செல்லாதென 1894இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. ஜின்னா முன்னின்று நிறைவேற்றிய 1913ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகைய வக்ஃபுகளைச் செல்லுபடியாக்கியது. பராமரிப்பைப் பற்றி அது பேசவில்லை. பொது அறங்களுக்கான வக்ஃபுகளின் முத்தவல்லிகள் சொத்து விவரத்தையும் ஆண்டுக் கணக்கையும் நீதிமன்றத்தில் அளிக்கவேண்டுமெனப் பணித்தது 1923ஆம் ஆண்டுச் சட்டமே. 1954, 1995 ஆண்டுகளின் சட்டங்கள் பதிவை வக்ஃபு வாரியத்திடம் ஒப்படைத்தன. 2025ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பல பிரிவுகளை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் தொடரப்பட்டன.

பதிவின் அதிகாரம் யாரிடம் இருப்பது என்பதில் நாம் வாதிடலாம், வாதிடவும் வேண்டும். ஆனால் பதிவே வேண்டாம் என்பதற்கு நம் மரபில் சான்றில்லை. எழுதப்படாத வக்ஃபில் முதலில் இழப்பவர் ஏழையே.