டாக்டர் பெயருக்குப் பின்னால் இத்தனை எழுத்தா? எமர்ஜென்சி டாக்டரின் தகுதியை செக் பண்ணுவது எப்படி?

திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் இருந்து எந்த ரோட்டில் போனாலும் ஒரு மருத்துவமனை போர்டு கண்ணில் படும். '24 மணி நேர அவசர சிகிச்சை' என்று சிவப்பு எழுத்தில் இருக்கும். கீழே டாக்டர் பெயர். பெயருக்குப் பின்னால் எம்பிபிஎஸ், எம்டி, டிஎன்பி, எம்ஆர்சிஇஎம் என்று ஒரு வரி நீளத்துக்கு எழுத்துகள். படித்துவிட்டு கடந்து போய்விடுவோம்.

மூட்டு வலி, சர்க்கரை என்றால் நாலு பேரிடம் விசாரித்து டாக்டரை முடிவு செய்யலாம். வீட்டில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்து விழும்போது அதற்கு நேரம் கிடையாது. அந்த நிமிடத்தில் வார்டில் யார் நிற்கிறாரோ அவர்தான் உங்க டாக்டர். அதனால்தான் இந்த எழுத்துகளுக்கு என்ன அர்த்தம் என்பதை, யாருக்கும் எதுவும் ஆகாத ஒரு சாதாரண நாளில் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

இது வெறும் பயம் இல்லை. மத்தியப் பிரதேசத்தின் தமோ நகரில், வெளிநாட்டில் பயிற்சி பெற்ற இதய நோய் நிபுணர் என்று சொல்லி தனியார் மருத்துவமனையில் வேலை பார்த்த ஒருவர், போலி ஆவணப் புகாரில் 2025 ஏப்ரலில் கைது செய்யப்பட்டார். அவரிடம் சிகிச்சை பெற்ற 7 பேர் இறந்ததாகப் புகார் எழுந்து, தேசிய மனித உரிமைகள் ஆணையம் வரை விவகாரம் போனது. அவர் மீதான குற்றச்சாட்டுகள் ஒருபக்கம் இருக்கட்டும். பதிவு எண்ணை ஆரம்பத்திலேயே யாராவது சரிபார்த்தார்களா என்ற கேள்விதான் அப்போது எல்லோருக்கும் வந்தது.

எம்பிபிஎஸ் மட்டும் இருந்தா போதுமா?

சட்டப்படி போதும். எம்பிபிஎஸ் முடித்து, மருத்துவ கவுன்சிலில் பதிவு செய்த டாக்டர் அவசர சிகிச்சை தரலாம். நான்கரை ஆண்டு படிப்பு, ஓராண்டு பயிற்சி என ஐந்தரை ஆண்டுகள் அதற்காகவே செலவழித்தவர் அவர். சின்ன ஊர்களில் ராத்திரி 2 மணிக்கு கேஷுவாலிட்டியில் இருப்பவர் பெரும்பாலும் எம்பிபிஎஸ் டாக்டர்தான். 'வெறும் எம்பிபிஎஸ்' என்று இளக்காரமாகப் பேசுவது சரியில்லை. பக்கத்தில் காந்திகிராமத்தை உருவாக்கிய டாக்டர் சௌந்தரம் ராமச்சந்திரன்கூட எம்பிபிஎஸ் படித்தவர்தான்.

ஆனால் 'எமர்ஜென்சி ஸ்பெஷலிஸ்ட்' என்று போட்டுக்கொண்டால் கதை வேறு. ஒரு துறையில் சிறப்புத் தகுதி இல்லாமல் அந்தத் துறை நிபுணர் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்று இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002-ம் ஆண்டு நெறிமுறை விதிகள் சொல்கின்றன. அதற்குப் பதிலாக 2023 ஆகஸ்டில் புது விதிகள் வந்தன. அதே மாதமே நிறுத்தியும் வைத்துவிட்டார்கள். அதனால் பழைய விதிதான் இன்னும் பேசுகிறது.

அந்த எழுத்துகளுக்கு என்ன அர்த்தம்?

முதலில் ஒரு வரலாறு. இந்தியாவில் அவசர மருத்துவம் தனித் துறையாக அங்கீகாரம் பெற்றதே 2009-ல்தான். அதற்கு முன்பு மயக்கவியல், பொது மருத்துவம், அறுவை சிகிச்சை படித்தவர்கள்தான் அவசர சிகிச்சைப் பிரிவுகளை நடத்தினார்கள். எனவே ஒரு சீனியர் டாக்டரின் பெயருக்குப் பின்னால் 'எமர்ஜென்சி' என்ற வார்த்தையே இல்லை என்றால் சந்தேகப்பட வேண்டாம். அவர் படித்த காலத்தில் அப்படி ஒரு படிப்பு பரவலாகக் கிடையாது.

எம்டி எமர்ஜென்சி மெடிசின் என்பது எம்பிபிஎஸ்-க்குப் பிறகு மருத்துவக் கல்லூரியில் 3 ஆண்டு முழு நேரப் படிப்பு. டிஎன்பி எமர்ஜென்சி மெடிசின் என்பது தேசியத் தேர்வு வாரியம் தரும் பட்டம். அங்கீகாரம் பெற்ற பெரிய மருத்துவமனைகளில் படிக்கலாம். இதுவும் 3 ஆண்டு. 'டிஎன்பி-ன்னா டிப்ளமோவா?' என்று நிறைய பேர் கேட்பதுண்டு. டிப்ளமோ இல்லை, முதுநிலைப் பட்டம். நிபுணர் என்று சொல்லிக்கொள்ள இந்த இரண்டில் எது இருந்தாலும் சரி.

இங்கே ஒரு குழப்பம் வரும். ரஷ்யா, பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளில் முதல் மருத்துவப் பட்டத்துக்கே 'எம்டி' என்றுதான் பெயர். அது நம்ம ஊர் எம்பிபிஎஸ்-க்குச் சமம். அங்கே படித்தவர்கள் இந்தியாவில் தகுதித் தேர்வு எழுதி ஜெயித்துத்தான் பதிவு செய்ய முடியும். ஜெயித்து வந்தால் அவர் முழுத் தகுதியுள்ள டாக்டர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் போர்டில் வெறும் 'எம்டி' என்று மட்டும் பார்த்து நிபுணர் என்று முடிவு கட்டிவிட முடியாது. எந்தத் துறையில் எம்டி என்று பாருங்க.

அடுத்து எம்ஆர்சிஇஎம். இது பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் எமர்ஜென்சி மெடிசின் நடத்தும் தேர்வில் தேறியவர்களுக்குக் கிடைக்கும் உறுப்பினர் தகுதி. கஷ்டமான தேர்வு, மதிப்பும் உண்டு. ஆனால் இதை மட்டும் வைத்து பிரிட்டனிலேயே நிபுணர் பட்டியலில் சேர முடியாது. அதற்கு மேல் பயிற்சியும் எஃப்ஆர்சிஇஎம் என்ற அடுத்த கட்டத் தகுதியும் இருக்கின்றன.

எம்இஎம் என்று போட்டிருந்தால், அது சில தனியார் மருத்துவமனைகள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து நடத்தும் 3 ஆண்டு பயிற்சியாக இருக்கலாம். வார்டில் நின்று கற்றுக்கொண்ட அனுபவம் நிஜம். ஆனால் தேசிய மருத்துவ ஆணையத்தின் முதுநிலைப் பட்டங்களின் பட்டியலில் அது சேராது. ஃபெலோஷிப்களும் பெரும்பாலும் இந்த வகைதான். ஏசிஎல்எஸ், ஏடிஎல்எஸ் என்பவை பட்டமே இல்லை. மாரடைப்பு நேரத்திலும் விபத்து நேரத்திலும் என்ன செய்ய வேண்டும் என்று சில நாளில் கற்றுத்தரும் பயிற்சி வகுப்புகள். ஏசிஎல்எஸ் சான்றிதழ் 2 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். என்னைக் கேட்டால், போர்டில் பட்டம் போலப் போடுவதைவிட வார்டு நர்ஸ் வரை எல்லோரும் அதை முடித்திருக்கிறார்களா என்பதுதான் முக்கியம்.

சரி, எப்படி செக் பண்றது?

போனில் 2 நிமிட வேலை. தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலின் இணையதளத்தில் டாக்டரின் பெயரையோ பதிவு எண்ணையோ போட்டுத் தேடலாம். பதிவு எண் எங்கே கிடைக்கும்? மருந்துச் சீட்டிலேயே இருக்க வேண்டும். சீட்டு, மருத்துவச் சான்றிதழ், பணம் கட்டிய ரசீது எல்லாவற்றிலும் பதிவு எண்ணைப் போட வேண்டும், கிளினிக்கிலும் எழுதி வைக்க வேண்டும் என்கிறது அதே 2002 விதி. வீட்டில் பழைய சீட்டு இருந்தால் இப்பவே எடுத்துப் பாருங்க.

பெயரை வைத்துத் தேடினால் சிக்கல் வரும். இனிஷியல் முன்னே பின்னே இருக்கும், ஒரே பெயரில் பல பேர் இருப்பார்கள். எண்ணை வைத்துத் தேடுவதே சுலபம். வேறு மாநிலத்தில் பதிவு செய்தவர் என்றால் தேசிய மருத்துவ ஆணையத்தின் பட்டியலில் தேடலாம். சித்தா, ஆயுர்வேத, ஹோமியோபதி டாக்டர்களுக்குத் தனித்தனி கவுன்சில் உண்டு. அவர்கள் பெயர் இந்தப் பட்டியலில் வராது. ஹோமியோபதி படித்த ஒருவர் அலோபதி மருந்து கொடுத்து நோயாளி இறந்த வழக்கில், தான் படிக்காத முறையில் சிகிச்சை தந்ததே கவனக்குறைவுதான் என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே தீர்ப்பளித்துவிட்டது.

ஒன்றைக் கவனிக்கணும். எம்பிபிஎஸ் பதிவு இருந்து, எம்டி மட்டும் பட்டியலில் காட்டவில்லை என்றால் உடனே 'போலி' என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள். முதுநிலைப் பட்டத்தைக் கூடுதல் தகுதியாகத் தனியே பதிவு செய்ய வேண்டும். அது இன்னும் ஏறாமல் இருக்கலாம். பெயரே, எண்ணே இல்லை என்றால்தான் விஷயம் தீவிரம்.

போர்டில் பேர் இருக்கு, ஆள் இருக்காரா?

பட்டத்தைவிட இதுதான் பல நேரம் ஏமாற்றும் இடம். ஒரே டாக்டரின் பெயர் திண்டுக்கல்லில் ஒரு மருத்துவமனையிலும் மதுரையில் இன்னொன்றிலும் இருக்கும். தப்பில்லை. 'விசிட்டிங் கன்சல்டன்ட்' என்றால் கூப்பிட்டால் வருபவர், அல்லது வாரத்தில் சில நாள் வருபவர். தமிழ்நாட்டில் அரசு டாக்டர்களும் பணி நேரம் போக தனியாக கிளினிக் வைத்துப் பார்க்கலாம். ஆனால் அவசரப் பிரிவுக்கு அது போதாது. அங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "ராத்திரியில டூட்டியில யார் இருப்பாங்க, ஸ்பெஷலிஸ்ட் வர எவ்வளவு நேரம் ஆகும்?" வீட்டுப் பக்கத்து மருத்துவமனைக்கு ஒருநாள் சாதாரணமாகப் போகும்போது ரிசப்ஷனில் கேட்டுப் பாருங்க. சரியான பதில் வருகிறதா, மழுப்புகிறார்களா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

108 ஆம்புலன்ஸில் வருபவர் டாக்டர் இல்லை, பயிற்சி பெற்ற அவசர மருத்துவ உதவியாளர். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் முதலில் பார்ப்பவர் ஹவுஸ் சர்ஜனாகவும் இருக்கலாம். அவரிடம் இருப்பது தற்காலிகப் பதிவு, சீனியர்களின் மேற்பார்வையில்தான் வேலை பார்ப்பார்.

திண்டுக்கல்லில் நிலைமை என்ன?

பெங்களூரு பக்கம் இருந்து கரூர் வழியாக மதுரைக்குப் போகும் 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலையும், கோவையில் இருந்து பழனி வழியாக திருச்சிக்குப் போகும் 83-ம் எண் நெடுஞ்சாலையும் திண்டுக்கல்லைத் தொட்டுத்தான் போகின்றன. முன்பெல்லாம் பெரிய கேஸ் என்றால் 'மதுரைக்குக் கொண்டு போங்க' என்பதுதான் வழக்கம். 2022 ஜனவரி 12-ல் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் திண்டுக்கல்லும் ஒன்று. அரசு மருத்துவமனைகளில் தமிழ்நாடு விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டத்தின் கீழ், வருபவர்களை சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பிரித்துப் பார்க்கிறார்கள். சிவப்பு என்றால் உடனே. பச்சை என்றால் காத்திருக்கலாம். 'முன்னாடி வந்த எங்களைப் பார்க்காம பின்னாடி வந்தவரைப் பார்க்கிறாங்க' என்று சண்டை போடுவதற்கு முன் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்க.

சாலை விபத்து என்றால் இன்னொன்றும் இருக்கு. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், முதல் 48 மணி நேர சிகிச்சை அரசு செலவில் நடக்கும். திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும். வேறு மாநிலத்துக்காரருக்கும் உண்டு.

அவசரத்தில் நிற்கும்போது?

அப்போது எதையும் செக் பண்ண வேண்டாம். பக்கத்தில் இருக்கும் மருத்துவமனைக்குப் போங்க. உயிரைக் காப்பாற்ற வேண்டிய கடமை அரசு, தனியார் என்ற வித்தியாசம் இல்லாமல் எல்லா டாக்டருக்கும் உண்டு என்று 1989-ல் பர்மானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. போலீஸ் கேஸ், பேப்பர் வேலை எல்லாம் அதற்குப் பிறகுதான். நிலைமை சீரானதும், "யார் பார்க்கிறாங்க, அவங்க என்ன படிச்சிருக்காங்க, இங்கேயே வைக்கலாமா, பெரிய இடத்துக்கு மாத்தணுமா?" என்று கேட்கலாம். இதைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

பதிவே இல்லாதவர் என்று தெரிந்தால்?

மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்திலோ காவல் நிலையத்திலோ புகார் தரலாம். பதிவு இல்லாமல் மருத்துவம் பார்ப்பவருக்கு தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி ஓராண்டு வரை சிறை, அல்லது ரூ.5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம். பதிவு உள்ள டாக்டர் இல்லாத நிபுணர் தகுதியைப் போட்டுக்கொண்டால், தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் எழுத்துப்பூர்வமாகப் புகார் செய்யணும். இரண்டுக்குமே மருந்துச் சீட்டும் பணம் கட்டிய ரசீதும் தேவைப்படும். அதனால் டிஸ்சார்ஜ் ஆகி வந்ததும் அவற்றைத் தூக்கிப் போடாமல் ஒரு ஃபைலில் போட்டு வைங்க, ஒரு போட்டோவும் எடுத்துக்கோங்க.