டொனிகால்: இருபதாம் நூற்றாண்டுக் கட்டடக்கலை

டொனிகால், அயர்லாந்துத் தீவின் வடமேற்குக் கோடியில் அட்லான்டிக் சமுத்திரத்தை நோக்கியமைந்த மாவட்டம். மலையும் சதுப்பும் மிகுந்து, பெருநகரம் ஏதுமில்லாத இப்பிரதேசத்தில் இருபதாம் நூற்றாண்டில் எழுந்த சிறப்புடைய கட்டடங்களுள் பல கிராமத் தேவாலயங்களே.

நூற்றாண்டின் தொடக்கத்தில் பழம்பாணிகளே ஆட்சி செலுத்தின. வில்லியம் ஹேக் வகுத்த அமைப்பின்படி 1901-இல் நிறைவெய்திய லெட்டர்கென்னிப் பேராலயம் கோதிக் பாணியைப் பின்பற்றியது. டெர்க் ஏரித் தீவிலுள்ள யாத்திரைத் தலத்தில் 1931-இல் அபிஷேகம் பெற்ற புனித பேட்ரிக் பசிலிக்காவோ, ஹாரி கிளார்க்கின் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களால் கீர்த்தி பெற்றது. அவற்றில் தீட்டப்பெற்ற திருவுருவங்கள் ஒவ்வொன்றும் சிலுவைப்பாதைக் காட்சி ஒன்றைத் தாங்கி நிற்கின்றன.

இம்மரபைப் புதிய திசையில் திருப்பியவர், 1916-இல் பிறந்து 1996-இல் மறைந்த லியம் மெக்கார்மிக். குருவும் மக்களும் ஒரே பீடத்தைச் சூழ்ந்து வழிபட வேண்டுமென்னும் கருத்து இரண்டாம் வத்திக்கான் சங்கத்தால் வலுப்பெற்ற காலத்தில், அவர் பர்ட் என்னுமிடத்தில் நிர்மாணித்து 1967-இல் திறக்கப்பெற்ற புனித ஏங்கஸ் தேவாலயம், அருகிலுள்ள குன்றின் உச்சியில் நிற்கும் கிரியனான் என்னும் புராதனக் கற்கோட்டையின் வட்ட வடிவத்தையே தன் வடிவாகக் கொண்டது. கரடுமுரடான கற்சுவர் புறவட்டமாகச் சூழ, அதனுள் மையம் விலகி மற்றொரு வட்டம் அமைய, இரண்டிற்கும் இடையே எஞ்சிய பிறைவடிவப் பகுதியில் குருமார் அறை முதலியன அடங்கின. செப்புத் தகடு வேய்ந்த கூரை, ஒருபுறம் சரிந்து மறுபுறம் உயர்ந்து, கூரிய கோபுரமாகக் குவிகின்றது. அக்கோபுரத்தின் வழியே இறங்கும் ஒளி பீடத்தின்மீது விழுகின்றது. நூற்றாண்டின் முடிவில் நடந்த வாக்கெடுப்பொன்றில், அயர்லாந்தின் இருபதாம் நூற்றாண்டுக் கட்டடங்களுள் தலையாயதாக இது தெரிந்தெடுக்கப்பெற்றது.

சூழலிலிருந்து உருவத்தைப் பெறும் இம்முறையை, மக்கிஷ் மலையின் திரண்ட வடிவை வெண்பூச்சுச் சுவர்களில் ஏற்ற கிரீஷ்லாக் தேவாலயத்திலும் (1971) காணலாம். செங்குத்தாகச் சரியும் கூரைகளையுடைய கிளென்டீஸ் தேவாலயம் (1974) அவருடைய மற்றொரு படைப்பு.

இதற்கு நேர்மாறாக, நிலத்தின் உருவத்தையே மாற்றியது எர்ன் நதி நீர்மின் திட்டம். 1946 முதல் 1955 வரை நிறைவேற்றப்பெற்ற இத்திட்டத்தில் பாலிஷானன் அருகே இரு மின்நிலையங்கள் எழுந்தன. அணையினால் புதிய ஏரியொன்று தோன்றியது. பழம்புகழ் வாய்ந்த அஸரோ நீர்வீழ்ச்சி மறைந்தது.