யாருக்கு வாத்தியார், யாருக்குப் படம்?

எங்க சேரியில் தபால்வழிப் படிப்பில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். பாடப் புத்தகம் தபாலில் வரும். சந்தேகம் கேட்க ஆள் கிடையாது. கணக்கில் ரெண்டு தடவை தோற்றேன். மூன்றாம் தடவை தேறியது, ஒரு வாத்தியார் ராத்திரியில் எங்க தெருவுக்கே வந்து சொல்லிக்கொடுத்ததால்தான். இணையத்தில் எல்லாருக்கும் இலவசக் கல்வி என்று யாராவது பேசினால் எனக்கு அவர் ஞாபகம்தான் வருகிறது.

இதன் வரலாறு பழசு இல்லை. 2008இல் கனடாவின் மானிட்டோபா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் சீமென்ஸும் ஸ்டீபன் டவுன்ஸும் ஒரு பாடத்தை இணையத்தில் திறந்துவிட்டார்கள். கட்டணம் கட்டியவர்கள் சுமார் 25 பேர், சும்மா சேர்ந்தவர்கள் 2,000க்கு மேல். 2011இல் ஸ்டான்ஃபோர்டின் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தில் 1,60,000 பேர் சேர்ந்தார்கள். கடைசிவரை வந்தவர்கள் சுமார் 23,000. நான் இதைச் சின்ன விஷயமென்று தள்ளமாட்டேன். நுழைவுத் தேர்வு இல்லை, காசு இல்லை, நீ யாரு வீட்டுப் பையன்னு கேட்க வாசலில் ஆளில்லை. தலைமுறை தலைமுறையாய் வாசலில் நிறுத்தப்பட்டவனுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் உள்ளே போனது யார்? 2013இல் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே அரசுப் பல்கலைக்கழகம், யுடாசிட்டி என்ற கம்பெனியோடு சேர்ந்து கணக்குப் பாடங்களை இணையத்தில் நடத்திப் பார்த்தது. ஏழைப் பிள்ளைகளும் சேர்ந்தார்கள். சிலர் வீட்டில் கணினியே இல்லை. பாதிக்கு மேல் தோற்றார்கள். கோடைக்கால வகுப்பில் தேர்ச்சி கூடியது. எப்படி? அதில் சேர்ந்தவர்களில் பாதிக்கு மேல் ஏற்கனவே பட்டம் வாங்கியவர்கள்!

அதே ஆண்டு அங்குள்ள தத்துவத் துறை ஆசிரியர்கள், ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் சாண்டலின் படப்பாடத்தை நடத்த மறுத்து அவருக்கே பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். வசதியான பிள்ளைக்கு நேரில் வாத்தியார், மற்றவனுக்கு ஓடுகிற படம் என்று கல்லூரிகள் ரெண்டாகப் பிரிந்துவிடும் என்பது அவர்கள் அச்சம். ஊருக்கு ஒரு தம்ளர், சேரிக்கு ஒரு தம்ளர் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டுமா?

2017இல் இங்கே ஸ்வயம் வந்தது. பட்டப்படிப்பின் மதிப்பெண் கணக்கில் 20 விழுக்காடு வரை இணையப் பாடங்களால் நிரப்பலாம் என்று 2016இல் சொன்ன பல்கலைக்கழக மானியக் குழு, 2021இல் அதை 40 ஆக்கியது. படத்தைக் காட்டி வாத்தியார் வேலையை நிரப்பாமல் விட்டால், நம்ம பிள்ளைகள் படிப்பு மட்டுமா போகும்? இடஒதுக்கீட்டில் நமக்கு வரவேண்டிய வாத்தியார் வேலையும் சேர்ந்து போகும்.

இணையப் பாடம் வேண்டாம்னு நான் சொல்லலை. வரட்டும், தமிழில் வரட்டும். சேரிதோறும் படிப்பகம், அதில் கணினி, அதோடு சம்பளம் வாங்குகிற ஒரு வாத்தியார். மூன்றையும் சேர்த்தே கேட்போம். எனக்குக் கிடைத்த வாத்தியார் தற்செயல். நம்ம பிள்ளைகளுக்கு அது உரிமையாகக் கிடைக்கணும்.