கார்ட்லெஸ் தொலைபேசியும் வீட்டு வரவுசெலவும்: எழுதப்படாத ஒரு சிறு வரலாறு

இந்தியத் தொலைபேசியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இணைப்புகளின் எண்ணிக்கையையும் அரசின் கொள்கைகளையும் கொண்டே எழுதுகின்றனர். 1882இல் கல்கத்தா, பம்பாய், சென்னை நகரங்களில் திறக்கப்பட்ட இணைப்பகங்கள், 1960இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே தொடங்கிய எஸ்.டி.டி. வசதி, 1984இல் நிறுவப்பட்ட சி-டாட், 1994ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புக் கொள்கை என்று அது நீளும். மேசைமீது இருந்த கருவி யாருடையது, அது பழுதானால் செலவு யாருடையது என்னும் கேள்விக்கு அங்கே இடமில்லை. நடுத்தரக் குடும்பத்துக்கோ அதுவே முதற்கேள்வி. அதற்கான விடை மாறியதன் தடயத்தைக் கார்ட்லெஸ் தொலைபேசியில் காணலாம்.

1948இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட இந்தியத் தொலைபேசித் தொழிலகம் செய்தளித்த கறுப்பு நிறச் சுழல்வட்டுக் கருவி அரசுத் துறையின் உடைமை. வீட்டார் வாடகை செலுத்தினர். பழுது நேர்ந்தால் லைன்மேன் வந்தார். அவர் வர நாளாகலாம், வருந்தி அழைக்கவும் நேரலாம். ஆயினும் உதிரிப்பாகம் எதையும் தேடி அலையும் பொறுப்பு வீட்டாருக்கு இல்லை. இணைப்புக்காகப் பல ஆண்டுகள் காத்திருந்தவர்கள், கருவியைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

1984இல் வாடிக்கையாளர் பயன்படுத்தும் கருவிகளின் தயாரிப்பு தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. சுனில் மித்தல் தைவானிலிருந்து இறக்குமதி செய்துவந்த பொத்தான் தொலைபேசிகளை இங்கேயே கோத்து விற்கத் தொடங்கியது அக்காலத்தில்தான். 1990களின் தொடக்கத்தில் அவருடைய நிறுவனம் கார்ட்லெஸ் கருவிகளையும் தயாரித்தது. தில்லி பாலிகா பஜார், சென்னை பர்மா பஜார் முதலிய சந்தைகளில் வெளிநாட்டுக் கருவிகள் பேரம்பேசி வாங்கப்பட்டன. வளைகுடாவிலிருந்து திரும்பியோரின் பெட்டிகளிலும் அவை வந்தன. வாங்கிய நாள்முதல் கருவி வீட்டாருக்கே சொந்தம். அதன் நோயும் அவர்களுக்கே சொந்தம்.

இங்கே ஒரு சட்டச் சிக்கலையும் சொல்ல வேண்டும். கார்ட்லெஸ் என்பது தொலைபேசி வேடமிட்ட வானொலிக் கருவி; அதன் இரு பகுதிகளும் அலைகளை அனுப்பவும் பெறவும் செய்பவை. உரிமமின்றி அத்தகைய கருவியை வைத்திருப்பதை 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம் தடுத்தது. விலக்கு அளிக்கப்பட்ட அலைவரிசையில் இயங்கும் கருவிக்கு மட்டுமே தொல்லையில்லை. சந்தையில் பேரம்பேசியவருக்கு விலை தெரியும், நிறம் தெரியும். அலைவரிசை எப்படித் தெரியும்? மலிவான கருவியின் பெட்டியில் அது அச்சிடப்பட்டிருந்தாலும் படித்தவர் சிலரே.

ஆனால் குடும்பங்களை உண்மையில் வாட்டியது சட்டமன்று, மின்கலம். பழைய கருவிகளில் 1.2 வோல்ட் நிக்கல்-காட்மியம் கலங்கள் மூன்றை ஒன்றாகப் பற்றவைத்து, நெகிழியுறை சுற்றி, இரு கம்பிகளோடு ஒரு பொதியாக வைத்திருப்பர், மொத்தம் 3.6 வோல்ட். ஓரிரு ஆண்டுகளில் அது தளர்ந்து, பேச்சின் நடுவே கீச்சிட்டு அடங்கும். நிறுவனத்தின் அசல் பொதிக்கு விலை மிகுதி, கிடைப்பதும் அரிது. ஆகவே தெருமுனைப் பழுதுபார்ப்போர் தனிக்கலங்களை வாங்கி, பழைய பொதியின் இணைப்பு முனையை வெட்டி ஒட்டிப் புதுப்பொதி செய்து தந்தனர். இந்தியாவில் கார்ட்லெஸை வாழவைத்தது இக்கைவேலைதான் என்று நான் கருதுகிறேன். பின்னாளில் வந்த கருவிகள் பல, சிறு அளவிலான நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு கலங்கள் இரண்டைக் கொண்டு இயங்கின, எக்கடையிலும் கிடைப்பவை. சிக்கனம் நாடுவோர் இன்றும் முதலில் பார்க்க வேண்டியது இதையே: கலம் பொதுவானதா, அந்நிறுவனத்துக்கே உரியதா? விலை குறைந்த கருவி, கலம் கிடைக்காவிட்டால் இரண்டாம் ஆண்டிலேயே விலை உயர்ந்ததாகிவிடும். மீண்டும் மின்னேற்ற இயலாத சாதாரணக் கலத்தை அதில் இட்டுத் தாங்கியில் வைத்தவர்கள் கசிவையும் வெடிப்பையும் கண்டனர். மின்னேறவில்லை என்றால் பல வேளைகளில் கலத்தின் குற்றமுமில்லை. உலோகத் தொடுமுனைகளில் படிந்த அழுக்கைப் பென்சில் அழிப்பானால் தேய்த்தாலே போதும்.

மின்வெட்டு இதனினும் பெரிய குறை. கம்பியோடு கூடிய கருவிக்கு இணைப்பகமே ஏறத்தாழ 48 வோல்ட் மின்சாரத்தை அனுப்பியது. கார்ட்லெஸின் தாங்கிக்கோ வீட்டு மின்சாரம் வேண்டும். விளக்கு அணைந்தால் அதுவும் ஊமையாகும். அதனாலேயே பழைய கருவியை எவரும் எறியவில்லை. ஒரே இணைப்பில் இரண்டும் இணையாக நின்றன. இடிமின்னல் காலத்தில் தொலைபேசிக் கம்பியையும் அடாப்டரையும் சேர்த்துப் பிடுங்கிவைக்கும் வழக்கமும் கருவி இழந்த வீடுகள் பெற்ற அறிவே.

தொடக்ககால ஒப்பலை கருவிகளில் மறைபொருள் ஏதுமில்லை. அண்டை வீட்டாரின் கருவியில் நம் பேச்சு கேட்கக்கூடும். பாதுகாப்புக் குறியீடு இல்லாத கருவியெனில், அதே அலைவரிசைக் கருவி வைத்திருப்பவர் நம் இணைப்பிலேயே எண்ணைச் சுழற்றவும் இயலும். எஸ்.டி.டி. கட்டணத்தை எண்ணியெண்ணிச் செலவிட்ட காலத்தில் இது சிறு அச்சமன்று.

அமெரிக்க உறவினர் அன்பளிப்பாகக் கொணர்ந்த கருவி வேறுவகை இடர். அதன் அடாப்டர் 120 வோல்ட்டுக்குரியது. நம் 230 வோல்ட்டில் செருகினால் புகையும். அங்கு 'டெக்ட் 6.0' என விற்கப்படுபவை 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்குபவை. இந்தியா உட்படப் பல நாடுகளில் 1920இல் தொடங்கும் பகுதி 3ஜி கைப்பேசிச் சேவைக்கு உரியது. இலவசக் கருவி சட்டவிரோதக் கருவியாவது இவ்வாறே. இதே டெக்ட் தொழில்நுட்பத்தை வைத்துச் சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் 'கார்டெக்ட்' அமைப்பை உருவாக்கி, கம்பி எட்டாத ஊர்களுக்கு இணைப்பு வழங்க முயன்றதைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை 2005இல் உரிம விலக்குப் பெற்றது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே கைப்பேசிகள் நிலைப்பேசிகளை எண்ணிக்கையில் விஞ்சிவிட்டன. சட்டம் கார்ட்லெஸுக்கு வழிவிட்ட வேளையில் வீட்டார் வேறு வழியில் நடந்துகொண்டிருந்தனர். 1933ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2023இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் இயற்றப்பட்டது. இன்று செப்புக் கம்பி போய் ஒளியிழை வந்த வீடுகளில், இணைப்பகத்திலிருந்து மின்சாரம் வருவதில்லை. மின்வெட்டில் கம்பித் தொலைபேசியும் கார்ட்லெஸும் சேர்ந்தே அடங்குகின்றன.

இவ்வரலாற்றுக்கான சான்றுகள் அரசு ஆவணக் காப்பகங்களில் இல்லை, இழுப்பறைகளில் இருக்கின்றன. கார்ட்லெஸ் வாங்கிய ரசீது, பயன்பாட்டுக் கையேடு, கலம் மாற்றிய சீட்டு எதுவாயினும் உங்களிடம் இருப்பின், பெயரையும் எண்ணையும் மறைத்துப் படமெடுத்து அனுப்புங்கள். ஊரையும் ஆண்டையும் குறிக்க மறவாதீர்கள்.