சமையலறைச் சுவரில் மூன்று துளைகள்

உங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரைச் சற்று உற்று நோக்குங்கள். மூன்று துளைகள் கொண்ட பிளக் பாயின்டுகள் அங்கே இரண்டு அளவுகளில் இருக்கக்கூடும். மிக்ஸிக்குச் சிறியது, பெரிய மின் அடுப்புக்குப் பெரியது. ஏன் இந்த இரட்டை ஏற்பாடு?

விடை காண 1934ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும். அவ்வாண்டில்தான் காவிரியின் குறுக்கே மேட்டூர் அணை திறக்கப்பட்டது. அதே ஆண்டில் பிரிட்டனில், உருண்டை முள் பிளக்குகளுக்கான தர அளவு ஒன்று வெளியாயிற்று. அதிலிருந்த 5 ஆம்பியர், 15 ஆம்பியர் என்னும் இரு அளவுகள் நம் நாட்டிலும் நிலைத்தன. பிரிட்டன் 1947இல் 13 ஆம்பியர் சதுர முள்ளுக்கு மாறத் தொடங்கியது. நாமோ உருண்டை முள்ளை விடவில்லை. இன்றைய இந்தியத் தர அளவில் அவை 6, 16 ஆம்பியர் என்று குறிக்கப்படுகின்றன.

மேட்டூரில் 1937இல் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. அங்கே சுழலியைச் சுழற்றிய நீரே ஜீயபுரத்தைக் கடந்து ஸ்ரீரங்கத்துக்கு வருகிறது! ஆனால் அக்காலத்தில் வீட்டு மின்சாரம் என்றால் பெரும்பாலும் விளக்குதான். சமையலறைக்குப் புகை படிந்த ஒற்றைப் பல்பு. அதற்கு ஏற்ற மெல்லிய கம்பியை மரச்சட்டத்தில் கிளிப் அடித்து இழுத்தார்கள். இப்பகுதியின் பழைய வீடுகள் நீளவாக்கில் அமைந்தவை: முன்னே திண்ணை, ரேழி, பிறகு கூடம், கடைசியில் அடுக்களை. மீட்டர் வாசலில், அடுப்போ கொல்லைப்புறம். அந்தத் தொலைவை நினைவில் வையுங்கள்.

பின்னர் வந்தவை எல்லாம் இந்த விளக்குக் கம்பியில் தொற்றிக்கொண்டவையே. 1955இல் கோவையில் சபாபதி என்பார் மாவரைக்கும் கிரைண்டரை உருவாக்கினார். 1960களில் நம் மஞ்சளையும் மிளகாயையும் தாங்கக்கூடிய மிக்ஸி மும்பையில் பிறந்தது. 2011இல் தமிழக அரசு மிக்ஸியும் கிரைண்டரும் மின்விசிறியும் விலையின்றி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அம்மியும் ஆட்டுக்கல்லும் ஓய்வு பெற்றன. சுவருக்குள் இருந்த கம்பிக்கு மட்டும் ஓய்வில்லை.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மீட்டருக்கும் அடுக்களைக்கும் 25 மீட்டர் தொலைவு. மின்னோட்டம் போய்த் திரும்ப 50 மீட்டர் கம்பி. 1 சதுர மில்லிமீட்டர் செம்புக்கம்பியானால் அதன் மின்தடை ஏறக்குறைய 0.9 ஓம். 600 வாட் மிக்ஸி 230 வோல்ட்டில் 2.6 ஆம்பியர் எடுக்கும். அப்போது கம்பியில் உண்டாகும் வெப்பம் 6 வாட், கவலையில்லை. 2,000 வாட் இண்டக்ஷன் அடுப்போ 8.7 ஆம்பியர் எடுக்கிறது. மின்னோட்டம் மூன்று மடங்கிற்குச் சற்று மேல். வெப்பமோ பதினொரு மடங்கு, அதாவது ஏறத்தாழ 70 வாட்! வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதே காரணம். 4 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால் இது 17 வாட்டாகக் குறையும்.

முன்பு கம்பி சூடேறினால் ப்யூஸ் உருகிக் காப்பாற்றியது. அதையும் நம்மவர் விடவில்லை. அடிக்கடி போகிறதே என்று தடித்த கம்பியைச் சுற்றி வைத்தார்கள். ப்யூஸ் பிழைத்தது, சுவருக்குள் கம்பியின் உறை கருகியது.

இன்னொரு சங்கதி. 1960களிலும் 70களிலும் செம்பு நமக்குப் பெரும்பாலும் இறக்குமதிச் சரக்கு. ஆதலால் வீடுகளில் அலுமினியக் கம்பி பரவிற்று. அலுமினியத்தின் மேல் மின்சாரம் கடத்தாத ஆக்சைடு படலம் உண்டாகிறது. திருகாணிக்கு அடியில் அது நசுங்கி, நாளடைவில் இணைப்புத் தளர்ந்து சூடாகிறது. பழைய அலுமினியத்தோடு புதுச் செம்பை முறுக்கிவிட்டு, புதிய டைல்ஸ் ஒட்டி மூடிவிடும் வேலையைப் போல் அபாயமானது வேறில்லை.

ஆகவே சமையலறையைப் புதுப்பிக்கும்போது கொத்தனார் சுவரைத் தட்டுமுன், மீட்டரிலிருந்தே தொடங்குங்கள். எந்தச் சாதனம் எங்கே நிற்கும், எத்தனை வாட் என்று தாளில் வரையுங்கள். அடுப்பும் 1,500 வாட் கெட்டிலும் ஒருங்கே ஓடினால் 15 ஆம்பியர் ஆகிவிடும். இரண்டுக்கும் தனித்தனிக் கம்பி வேண்டும். பிளக் பாயின்ட் தொட்டிக்கு விலகியும், மேடைக்கு மேல் உயர்ந்தும் இருக்கட்டும். மொத்தச் சுமை அனுமதி பெற்ற அளவை மீறினால் மின்வாரியத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். வேலையை உரிமம் பெற்றவரிடமே ஒப்படையுங்கள்.

இனி அந்த மூன்றாம் துளைக்கு வருவோம். பிளக்கில் அதற்கான முள் மட்டும் நீளமானது. முதலில் தொட்டு, கடைசியில் விலகும். கிரைண்டரின் உலோக உடலில் மின்சாரம் கசிந்தால் அதைத் தரைக்குக் கடத்துவது அதன் வேலை. ஈரத் தரையில், ஈரக் கையோடு மாவு தள்ளும் வீட்டில் உயிர் அதை நம்பியிருக்கிறது. ஆனால் பழைய வீடுகள் பலவற்றில் அத்துளைக்குப் பின்னால் கம்பியே கிடையாது! எம்.சி.பி. கம்பியைக் காக்கும், சிறு கசிவை அது அறியாது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் ஆர்.சி.டி. என்னும் காவலனையும் சேர்க்க வேண்டும்.

கொல்லையில் எர்த் குழி தோண்டுவதற்குக் காவிரிக் கரை மண் நல்ல மண். ஈரம் நின்றால் அதன் மின்தடை குறைவு. ஆற்றில் நீர் வற்றும் கோடையில் அந்த மண்ணும் உலரும். எனவே அப்போது அளந்து பார்ப்பதே சரியான சோதனையாகும்.