இரவல் கார்ல ஒரு லாங் டிரைவ் - அவுட் ரன் கதை

ரேஸ் கேம்னதும் நமக்கு முதல்ல என்ன ஞாபகம் வரும்? எல்லாரையும் முந்தணும், ஃபர்ஸ்ட் வரணும், முடிஞ்சா பக்கத்துல வர்றவனுக்கு ஒரு உதை விடணும் (ரோட் ராஷ் ஆடின காலு சும்மா இருக்குமா :-)). ஆனா யாரையும் ஜெயிக்க வேண்டாம், ரசிச்சு வண்டி ஓட்டினா போதும்னு 1986-லயே ஒரு கேம் வந்தது. செகா கம்பெனியின் அவுட் ரன்.

உருவாக்கினவர் யூ சுஸுகி. 1981-ல வந்த கேனன்பால் ரன் படம் பார்த்துட்டு, அந்த மாதிரி ஒரு நீண்ட பயணத்தை கேமா செய்யணும்னு அவருக்கு ஆசை. முதல்ல அமெரிக்காவைத்தான் யோசிச்சார். அங்க எவ்வளவு தூரம் போனாலும் காட்சி மாறாதுன்னு பட்டதால ஐரோப்பா போனார். ஃபிராங்ஃபர்ட்ல வாடகைக் கார் எடுத்து ரோம் வரைக்கும் ஒரு டூர். வழியில மொனாக்கோவுல பார்த்த ஃபெராரி டெஸ்டரோசாதான் கேமோட ஹீரோ ஆச்சு. ஃபெராரிகிட்ட லைசென்ஸ் எல்லாம் வாங்கல. பேர் சொல்லலையே தவிர, பார்த்தா பச்சப்புள்ளகூட கண்டுபிடிச்சிடும்.

உள்ள இருந்தது ரெண்டு மோட்டோரோலா 68000 ப்ராசஸர். நிஜமான 3டி கிடையாது. மரம், போர்டு, எதிர்ல தெரியற வண்டி எல்லாமே தட்டையான படங்கள். கிட்ட வர வர ஹார்ட்வேரே அதுகளைப் பெருசாக்கிக் காட்டும். மணிக்கு 293 கிலோமீட்டர்ல அதைப் பார்க்கும்போது நம்ம கண்ணு ஏமாந்துடும்.

ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் ரோடு ரெண்டாப் பிரியும். இடப்பக்கம் சுலபம், வலப்பக்கம் கஷ்டம். மொத்தம் 15 இடங்கள், ஒரு ஆட்டத்துல பார்க்கறது 5 மட்டும். நாலு தடவை பிரியறதால 16 விதமாப் போகலாம், முடிவும் அஞ்சு இருக்கு. வண்டி குட்டிக்கரணம் போட்டாலும் ஓட்டுறவரும் பக்கத்து சீட் தோழியும் சாக மாட்டாங்க. நேரம்தான் ஒரே எதிரி.

அப்புறம் வந்தவங்க இதைச் சரியாப் புரிஞ்சுக்கலைன்னுதான் எனக்குத் தோணுது. 1989-ல வந்த டர்போ அவுட் ரன்ல நியூயார்க்ல இருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு ஒரே வழி. பிரிவே கிடையாது. கூடவே ஒரு போட்டியாளன், அவன் முந்திட்டா தோழி அவன் கார்ல ஏறிடுவா! ஜாலி டூரை மறுபடியும் ரேஸ் ஆக்கிட்டாங்க.

2003-ல சுஸுகியே தயாரிச்ச அவுட் ரன் 2 வந்தது. பிரியற ரோடும் கடலோரமும் திரும்பி வந்தது. இந்த முறை ஃபெராரியோட முறையான லைசென்ஸும் இருந்தது. 2004-ல எக்ஸ்பாக்ஸ், 2006-ல கோஸ்ட் டு கோஸ்ட், 2009-ல அவுட் ரன் ஆன்லைன் ஆர்கேட்னு நல்லாத்தான் போயிட்டிருந்தது.

அங்கதான் வச்சாங்க ஆப்பு. லைசென்ஸ் காலம் முடிஞ்சது. ஆன்லைன் ஆர்கேட் ரெண்டே வருஷத்துல, 2011 முடியறதுக்குள்ள விற்பனையில இருந்து போயிடுச்சு. கோடு நல்லாத்தான் ஓடுது, பக் எதுவும் இல்ல, வாங்க ஆளும் உண்டு. ஆனா விற்க முடியாது. ப்ரோக்ராம் எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதைக் கேட்டா வயிறு எரியும். பழைய டிஸ்க் கையில வச்சிருக்கறவங்க கொடுத்து வச்சவங்க.

வேடிக்கை என்னன்னா, அனுமதி கேட்காம செஞ்ச 1986 கேம் பிழைச்சுக்கிச்சு. 2014-ல நின்டென்டோ 3டிஎஸ்ஸுக்கும், அப்புறம் ஸ்விட்சுக்கும் அதைக் கொண்டு வந்தப்ப, காரோட உருவத்தைக் கொஞ்சம் மாத்தி, ஃபெராரின்னு சொல்ல முடியாதபடி செஞ்சுட்டாங்க. அவ்வளவுதான் வேலை. ஆட்டத்துல ஒரு குறையும் தெரியல.

அதுல ஆச்சரியமும் இல்ல. காசு போட்டதும் அவுட் ரன் நம்மகிட்ட எந்தக் கார் வேணும்னு கேட்காது. ரேடியோவை நீட்டி, மூணு பாட்டுல எது வேணும்னுதான் கேட்கும்.

டிஸ்கி: என் ஓட்டு எப்பவும் மேஜிக்கல் சவுண்ட் ஷவருக்கு. சண்டைக்கு வர்றவங்க வரலாம் :-)