கட்டமைப்பு மரபு மாறுபாடு: ஆய்வு மென்பொருள்களின் கூட்டுருவாக்கம்

மரபணுத்தொகையில் 50 கார இணைகளுக்குக் குறையாத துண்டு விடுபடுதல், இரட்டித்தல், தலைகீழாகத் திரும்புதல், இடம்மாறி ஒட்டுதல் ஆகியவை கட்டமைப்பு மாறுபாடுகள். மலேசியாவுக்கு இவை நன்கு பழகியவை. ஆல்பா தலசீமியா என்னும் பரம்பரை இரத்தசோகையை உண்டாக்கும் ‘தென்கிழக்காசிய நீக்கம்’ ஏறக்குறைய 20,000 இணைகளை இழக்கச் செய்கிறது. இந்தியரிடம் மிகுதியாகக் காண்பது 3,700 இணைகளின் நீக்கம். பெர்மாஸ் ஜெயா போன்ற பல இனத்தவர் வாழும் ஜொகூர்க் குடியிருப்பில் இரண்டும் அடுத்தடுத்த வீடுகளில் இருக்கக்கூடும்.

தெரிந்த நீக்கத்தைக் கண்டறிய பிசிஆர் சோதனை போதும். தெரியாததைத் தேடவே மென்பொருள் வேண்டும்.

நலமான மனிதரிடமும் பெரிய துண்டுகள் கூடியோ குறைந்தோ இருப்பது 2004இல் தெரியவந்தது. 2009இல் பிரேக்டான்சர், பின்டெல் என்ற நிரல்கள் வெளிவந்தன. டிஎன்ஏ துண்டின் இரு முனைகளுக்கிடையே தூரம் பிசகியதா என்று முன்னது பார்த்தது. முறிவிடத்தில் பிளந்த வாசிப்பை, அதாவது கருவி படித்த டிஎன்ஏ வரிசைத் துண்டைப் பின்னது தேடியது. 2012இல் ஹைடல்பெர்கில் உருவான டெலி இரு வழிகளையும் சேர்த்துக்கொண்டது.

ஆனால் ஒரு நிரல் கண்டதை மற்றொன்று தவறவிட்டது. இக்குறையே ஆய்வாளர்களை ஒன்றுசேர்த்தது. ஆயிரம் மரபணுத்தொகைத் திட்டம் என்ற பன்னாட்டு முயற்சியில் பல குழுக்கள் தத்தம் நிரல்களை ஒரே தரவில் ஓட்டி, முடிவுகளை ஒப்பிட்டு இணைத்தன. எல்லா நிரல்களும் எழுதிப் படிக்கக்கூடிய விசிஎஃப் கோப்பு வடிவமும் இத்திட்டத்தில் பிறந்ததே. தனி நிரல் எதையும்விட இதையே பெரிய சாதனை எனலாம். 2015இல் வெளியான பட்டியலில் 26 மக்கள்குழுக்களைச் சேர்ந்த 2,504 பேரிடம் 68,818 மாறுபாடுகள் இடம்பெற்றன. பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழரும் அக்குழுக்களில் ஒன்று.

பெர்மாஸ் ஜெயாவிலிருந்து நீரிணையைத் தாண்டினால் சிங்கப்பூர். அங்குள்ள தேசியப் பல்கலைக்கழகத்தின் புற்றுநோய் அறிவியல் கழக ஆய்வாளர்கள் 2020இல் நானோவார் என்ற நிரலை வெளியிட்டனர். நீண்ட வாசிப்புகளைக் குறைந்த அளவில் எடுத்தாலும் இது மாறுபாடுகளைக் கண்டறியும். செலவு குறைவதால் நோயாளிகளின் மாதிரிகளை ஆராய ஏற்றது.

நிரல்களைச் சோதிக்கும் பொது அளவுகோலும் 2020இல் வந்தது. அது அஷ்கெனாசி யூதர் ஒருவரின் மரபணுத்தொகையைக் கொண்டு அமைந்தது. அதில் தேறும் நிரல் தமிழரிடமும் மலாய்க்காரரிடமும் அதே அளவு தேறும் என்று கொள்ள முடியாது. 2019இல் வெளியான சிங்கப்பூர் ஆய்வு 4,810 பேரின் மரபணுத்தொகைகளை ஆராய்ந்தது. அவர்களில் 1,127 பேர் இந்தியர். இவ்வட்டாரத்துக்கென அளவுகோல் செய்ய இத்தகைய தொகுப்புகள் வேண்டும்.

மேற்கண்ட நிரல்களின் மூலக்குறியீடும் ஆயிரம் மரபணுத்தொகைத் திட்டத்தின் தரவும் ஆய்வாளர் எவருக்கும் திறந்திருக்கின்றன. கணினியும் உயிரியலும் பயிலும் ஜொகூர்த் தமிழ் மாணவர்கள் இப்பணியில் சேர வேண்டும்.